எஸ்தர் டீச்சர் வீட்டு இரட்டைக் கதவு அலமாரி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குச் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். ஐம்பது வருடம் உளியும் இழைப்புளியுமாக உத்திரமேரூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் காலம் தள்ளியவன் நான். நல்லபடியாகச் செய்த வேலைகளைச் சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். நீங்களும் கொட்டாவி விடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு உருப்படியான தப்பைச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் அறையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறீர்கள், அளவையும் போனிலேயே வாங்கிக்கொள்கிறீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே அலமாரி தயாராகிவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். என்னிடம் போனுக்குப் பதிலாக ஆட்டுக்கயிறு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கடைத்தெருவைத் தாண்டி ரோட்டோரமாக ஓலைக் கொட்டகை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்டில், கதவு, வண்டி என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் அடுப்பு எரிந்தது ஏர்க்கலப்பையால்தான். நிலக்காரர்களுக்கு வருடம் முழுக்கக் கலப்பை செய்து பழுதும் பார்த்துக் கொடுத்தால், அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள். அவர்கள் முகம் சுளிக்கிற மாதிரி எதையும் செய்துவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். இப்போது நினைத்தால் அதற்கு ஜாக்கிரதை என்று பெயர் வைக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் எஸ்தர் டீச்சர் பட்டறை வாசலில் வந்து நின்றார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் பிறந்தவர். மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, டிரெய்னிங் முடித்து, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பா அம்மா இரண்டு பேருமே கூலி வேலைக்குப் போகிறவர்கள். காலனி முழுக்கக் கூரை வீடாக இருந்த காலத்தில், டீச்சர் சம்பளத்தில் அங்கே ஒரு செங்கல் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது என்று ஊரில் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சில் பாதிக்குமேல் பொறாமை.

“ஆசாரியாரே, படுக்கிற ரூமுல சொவத்துக்குள்ளயே ஒரு அலமாரி வைக்கணும். ரெண்டு கதவு, பூட்டு வச்சது. கட்டும்போதே சொவத்துல எடம் உட்டாச்சு.”

“பேஷா பண்ணிடலாம் டீச்சரம்மா. உள்ள இன்னா வைக்கப் போறீங்க?”

“துணிதான். எங்க அம்மாவுக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து கொடிக்கயித்துலதான் துணி தொங்கிக்கினு கீது. அடுப்புப் பொகை, கரி, எல்லாம் அதுமேலதான். நான் இஸ்திரி போட்ட பொடவையும் அங்கதான் தொங்குது. கிளாஸ்ல புள்ளைங்க பக்கத்துல வந்தா பொகை வாசனை வருதோன்னு எனக்குப் பயமா கீது. அந்தக் கொடிய அவுத்துப் போடணும்.”

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது டீச்சர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குப் புரிந்தது. அரைப் பரீட்சை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு திறப்பு ஜெபம் வைத்திருந்தார்கள். போதகர் ஐயா வருகிறார், டீச்சரோடு வேலை பார்க்கிற வாத்தியார்களையும் கூப்பிட்டிருக்கிறார். அதற்குள் அலமாரி ஏறிவிட வேண்டும். மூன்று வாரம் இருந்தது, தாராளமான நேரம். வேம்பில் சட்டம், பழைய தேக்கில் கதவு என்று பேசி முடித்தோம்.

“அப்போ நாளைக்கு வந்து அளவு எடுத்துக்கறீங்களா?” என்றார் டீச்சர்.

இங்கேதான் என் வண்டவாளம் ஆரம்பம். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆசாரிகள் யாரும் காலனிக்குள் போய் வேலை செய்வதில்லை. அங்கிருந்து வேலை வந்தால் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவு கொண்டுவரச் சொல்வோம். பட்டறையில் செய்து வைப்போம், அவர்களே தூக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்வார்கள். அது யாரும் எழுதி வைத்த விதி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நானும் செய்தேன்.

“கையில வேலை நெறய கீது டீச்சரம்மா. அளவு மட்டும் குடுத்தனுப்பிடுங்களேன்” என்றேன்.

டீச்சர் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு வேலையும் இல்லை. ஒரு வண்டிச் சக்கரம் மட்டும் சாய்ந்து கிடந்தது. பார்த்துவிட்டு, “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டீச்சரே ஒரு பேப்பரில் படம் போட்டு அளவு கொண்டுவந்தார். அகலம் மூன்றடி பதினொன்றேகால் அங்குலம், உயரம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு என்று முத்து முத்தான கையெழுத்து. எதில் அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்து ஒரு அடி ஸ்கேலை வைத்து என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஒரு அடி ஸ்கேலை நான்கு தடவை தூக்கித் தூக்கி வைத்தால் தப்பு வராமல் என்ன செய்யும்? எதற்கும் கயிற்றிலும் ஒரு அளவு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

கயிற்றை டீச்சரின் அம்மாவே எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். குள்ளமான மனுஷி. நடவு நட்டு நட்டு முதுகு கொஞ்சம் கூன் விழுந்திருக்கும், நடை மட்டும் வேகம்.

“சீக்கிரம் அளந்துட்டுக் குடுங்க ஆசாரியாரே. ஆட்ட அவுத்து உட்டுட்டு வந்து கீறேன். அது எவன் கொல்லையில பூந்து மேயுதோ, ஒரே பேஜாரு!”

ஆட்டுக்கயிற்றில் அகலத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு. அதைப் பலகைமேல் போட்டு இழுத்துப் பிடித்து அளந்தேன். அகலம் நான்கடி ஒன்றேமுக்கால் அங்குலம். பேப்பரைவிட இரண்டரை அங்குலம் அதிகம். ‘நான்தான் சொன்னேனே’ என்று எனக்கே முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தலைமுறை தலைமுறையாக நாங்கள் நம்பி வந்த கயிறு ஒரு பக்கம், நேற்று வந்த டீச்சரின் பேப்பர் ஒரு பக்கம். கயிற்றின்படியே மரத்தை அறுத்தேன். பேப்பரை வச்சிரப் பசை காய்ச்சுகிற டப்பாவுக்கு மூடியாகப் போட்டேன்.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. சட்டங்களைக் கோர்க்கிற கழுந்துக்கும் துளைக்கும் நடுவே காற்றுப் புக முடியாது. இரண்டு கதவையும் சாத்தினால் நடுவில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். ஜெபத்துக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில், டீச்சரின் அப்பா மாணிக்கம் மூன்று பேரோடு வந்து சட்டத்தையும் கதவுகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போனார். “உள்ள தள்ளி நாலு ஆப்பு அடி மாணிக்கம். அவ்ளோதான்” என்று யோசனை சொல்லி அனுப்பினேன். அவருக்கு என் அப்பா வயது. ஆனாலும் நான் ‘நீ, வா, போ’தான். அதுவும் முன்னால் இருந்தவர்கள் செய்தது.

ஒரு மணி நேரத்தில் மாணிக்கம் திரும்பி வந்து, கொட்டகைக்கு வெளியே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“உள்ள போவ மாட்டேங்குது ஆசாரியாரே.”

“கோணலா வச்சிருப்ப. நேரா வை, போவும்.”

“எப்டி வச்சாலும் போவல.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் செய்த சட்டம் போகவில்லையா? கோபம் வந்தால் எனக்கு மற்ற எதுவும் ஞாபகம் இருக்காது. மடக்குக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டேன். ஏரிக்கரையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் எங்கே போகிறேன் என்பதே உறைத்தது. அப்போது திரும்பினால் பின்னால் வருகிற மாணிக்கத்துக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் நடந்தேன். வீரத்தில் போகவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வாசலில் கூட்டம். சட்டம் சுவரில் சாய்ந்து நின்றது. டீச்சர் லீவில் வீட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் வழி விட்டார். நான் நேராகப் படுக்கிற அறைக்குள் போய், சுவரில் விட்டிருந்த இடத்தில் கோலை வைத்தேன்.

மூன்றடி பதினொன்றேகால்.

மேலே அளந்தேன், நடுவில் அளந்தேன், கீழே குந்தி அளந்தேன். மூன்று இடத்திலும் மூன்றடி பதினொன்றேகால். ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் எத்தனையோ சுவரை அளந்திருப்பீர்கள். மேலும் கீழும் ஒரே அளவாக ஒரு சுவர் உங்களுக்கு எத்தனை தடவை அகப்பட்டிருக்கிறது? நான் பெரிய பெரிய வீடுகளில்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யார் கட்டினது என்று கேட்டேன். நான்தான் என்றார் மாணிக்கம். இருபது வருடமாக மேஸ்திரிகளுக்குக் கையாளாகக் கலவை குழைத்தும் செங்கல் சுமந்தும் நின்றவர். கலவை பூசுகிற கரணையை ஒருநாளும் அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, இந்த வீட்டுக்காகத்தான் முதல் தடவையாகச் சொந்தக் கரணை வாங்கியிருக்கிறார்.

கயிற்றின் விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அளந்திருக்கிறார்கள். நடுவில் கயிறு தொய்ந்திருக்கிறது. நான் பலகைமேல் விறைப்பாக இழுத்தேன். தொய்வெல்லாம் அளவாகிவிட்டது. உயரத்துக்குக் கயிறு தானாகத் தொங்கினதால் அதில் தப்பு இல்லை. அந்த அறைக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

நான் குந்தின இடத்திலிருந்து எழுந்திருப்பதற்குள் மாணிக்கம் கடப்பாரையோடு வந்துவிட்டார்.

“ரெண்டு ரெண்டு விரக்கடை ஒடச்சிட்டா போயிடும் ஆசாரியாரே. நான்தான் எடத்தைக் கம்மியா உட்டுட்டேன் போல. எங்க தப்புதான்.”

சுவர் பூசி, வெள்ளை அடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதை அவர் கடப்பாரையால் இடிக்கத் தயாராக நின்றார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆசாரி செய்த சட்டமும் தான் கட்டின சுவரும் ஒத்துப்போகவில்லை என்றால், தப்பு தன்மேல்தான் இருக்க வேண்டும் என்று அந்த மனுஷன் மனசார நம்பினார்.

இதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கணம் நான் வாயைத் திறக்கவில்லை. சுவரை இடித்தால் என் வேலை முடிந்தது. ஒரு மணி நேரத்தில் சட்டம் ஏறிவிடும், நானும் பட்டறைக்குத் திரும்பிவிடலாம். உத்திரமேரூரில் என் கைவேலையைப் பற்றி ஒரு சொல் வராது. டீச்சர் கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான அளவு எது என்று அந்த வீட்டில் என்னைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கலாம் என்று இருந்தார் போல.

மாணிக்கம் கடப்பாரையை ஓங்கிவிட்டார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். “சொவரு சரியா கீது. நான் பண்ண சட்டம்தான் தப்பு.”

அவரை நான் மரியாதை கொடுத்துப் பேசினது அதுதான் முதல் தடவை. யோசித்துப் பேசவில்லை, தானாக வந்துவிட்டது. மாணிக்கம் கடப்பாரையைக் கீழே வைக்கவே இல்லை. நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து மகளைப் பார்த்தார்.

“நைனா, கடப்பாரைய வெளிய வை. ஆசாரியாரு சொல்றது காதுல வுழலியா?” என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பேப்பரு பத்திரமா கீதா ஆசாரியாரே?” என்று கேட்டார்.

“கீது டீச்சரம்மா. பசை டப்பாவுக்கு மூடியா கீது.”

முதலில் டீச்சர் சிரித்தார். அப்புறம் அவர் அம்மா, அப்புறம் வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும். கடைசியில் நானும் சிரித்தேன். தப்பை ஒத்துக்கொண்டால் தலை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது கழுத்துமேல் அப்படியேதான் இருந்தது, பாரம்தான் கொஞ்சம் குறைந்திருந்தது.

சரி, தப்பு என்று சொல்லியாகிவிட்டது, அடுத்தது என்ன? சட்டத்தைப் பட்டறைக்குத் திருப்பித் தூக்கிப் போகலாம். அங்கே யார் கண்ணிலும் படாமல் அறுத்துச் சரி செய்யலாம். ஆனால் இடையில் இருப்பது இரண்டே பகல். அறுப்பதும் சுவரில் வைத்துப் பார்ப்பதும் மறுபடி சீவுவதுமாக இருபது தடவை செய்ய வேண்டிய வேலை அது. ஒவ்வொரு தடவைக்கும் ஏரிக்கரையில் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு திரிய முடியாது. ரம்பத்தையும் உளிப்பெட்டியையும் எடுத்து வரச் சொல்லி, வாசல் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் ஒரு குறுக்குவழி தோன்றியது. இரண்டு கதவிலும் ஒன்றேகால் ஒன்றேகால் அங்குலம் குறைப்பதற்குப் பதிலாக, ஒரே கதவில் இரண்டரையைக் குறைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

“ஒரு கதவு பெருசு, ஒண்ணு சின்னதா? வேணாம் ஆசாரியாரே” என்றார் டீச்சர்.

“யாருக்கு டீச்சரம்மா தெரியப் போவுது?”

“காலையில எய்ந்து தெனமும் தொறக்கப் போறவ நான்தானே? எனக்குத் தெரியுமே.”

இரண்டு கதவையும் பிரித்தேன்.

நடுப்பகலுக்கு முன்னால், ஏரிக்கரைமேல் ஒரு பெரிய நிலக்காரர் வீட்டுக் காரியஸ்தர் சைக்கிளில் போனார். என்னைப் பார்த்துவிட்டு இறங்கினார். அவர் முதலாளிக்கு வருடத்துக்கு ஏழெட்டுக் கலப்பை செய்பவன் நான்.

“இன்னாபா ஆசாரி, இங்க இன்னா பண்ணிக்கினு கீற?”

“அலமாரி பண்ணேன், தப்பாப் பூடுச்சி. திருத்திக்கினு கீறேன்.”

“ஏன், பட்டறையில வச்சித் திருத்தக் கூடாதா?”

“சொவரு இங்க கீதே சார். அத்தப் பட்டறைக்குத் தூக்கினு போவ முடியுமா?”

முருங்கை மரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காரியஸ்தர் சிரிக்கவில்லை. சைக்கிளில் ஏறிப் போனார். அவர் முதலாளி களத்து நெல் என் மனதில் ஓடியது நிஜம். கை மட்டும் நிற்கவில்லை. ஒரு பக்கம் கழுந்து அறுக்கும்போது பாதியில் நிறுத்தினால் அது கோணலாகிவிடும்.

மத்தியானம் டீச்சரின் அம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“கடைக்கு ஆள் அனுப்பி சோடா வாங்கியாரச் சொல்லட்டா ஆசாரியாரே?”

அவர்கள் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்க மாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“சோடா குடிச்சா ஏப்பம்தாம்மா வரும், தாகம் எங்க போவும்? தண்ணி குடுங்க. அப்டியே சோறு இன்னா ஆக்கி கீறீங்கன்னும் சொல்லிடுங்க.”

கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும். மூன்று உருண்டை சாப்பிட்டேன். நான்காவது உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு அந்த அம்மா ஓடிப்போனார், நான் மறுக்கக் கூடாதாம்.

சாப்பிட்ட பிறகு அறைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். அளவு என்றால் சுவரின் அளவு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து அந்த அறையில் கட்டியிருந்த கொடியிலிருந்து தன் புடவையை எடுக்க அந்த அம்மா எம்பினார், எட்டவில்லை. ஒரு மணையைப் போட்டு ஏறி எடுத்தார். என் அலமாரியில் தட்டுகளை என் உயரத்துக்குப் பார்த்துப் போட்டிருந்தேன். அப்படியே வைத்திருந்தால் அவர் ஆயுசு முழுக்க மணை போட்டு ஏறியிருப்பார். உடனே மூன்று பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தேன். கையைத் தூக்குங்கள், குனியுங்கள், திரும்புங்கள் என்று டிரில் மாஸ்டர் மாதிரி அதட்டி, ஒவ்வொருவர் கை எட்டுகிற இடத்திலும் சட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

“எனக்கு இன்னாத்துக்குத் தட்டு?” என்றார் அந்த அம்மா. “ரெண்டு பொடவை. ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கொடியில. எல்லாத்தையும் பாப்பாவுக்கே போடுங்க.”

“கொடியத்தான் டீச்சரம்மா அவுக்கப் போறாங்களே. அப்பறம் எங்க போடுவீங்க?”

நடுத்தட்டை அவர் கைக்கு இறக்கி வைத்தேன். மேல்தட்டு டீச்சரின் புத்தகங்களுக்கும் சர்டிபிகேட்டுகளுக்கும். ஒரு பக்கம் மாணிக்கத்தின் வேட்டி சட்டைக்கு. கட்டில் தலைமாட்டில் கதவு இடிக்கிறதா என்று பார்த்து, கட்டிலை எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொன்னேன். பட்டறையில் உட்கார்ந்துகொண்டு மூன்று வாரம் நான் செய்யாத வேலையை அந்த ஒரு மத்தியானத்தில் செய்தேன். வேலை செய்கிற சந்தோஷம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சட்டம் சுவருக்குள் ஏறியது. ஆப்புக்கூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் உள்ளங்கையால் தட்டினேன், வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சுற்றிலும் விட்ட நூலளவு இடைவெளியை மாணிக்கம் தன் கரணையால் பூசி மூடினார். பூசிய இடம் எது, பழைய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் கொடிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, விறகடுப்புப் பக்கமாக வீசினார். அந்த அம்மா ‘ஐயோ, நல்ல கயிறாச்சே’ என்று ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு எதற்குத் தட்டு என்றவர், ஒரு புடவையை மடித்து வைத்தார். பிறகு சுருக்குப்பை வந்தது, செம்பு வந்தது. கடைசியில் நான்கு முட்டைகளையும் கொண்டுவந்து புடவைமேல் வைத்தார்.

“யம்மா, முட்டைய எடு! இது இன்னா கோயிக் கூண்டா?”

“என் தட்டுல நான் இன்னா வேணாலும் வைப்பேன். உனக்கு இன்னாடி?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தட்டு யாருக்கென்று சொன்னது நான்தான், இனி தலையிடக் கூடாது.

நிலக்காரர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் அவர் கலப்பை வேலை எதையும் எனக்குக் கொடுக்கவில்லை. அறுப்பில் அவர் களத்து நெல்லும் வரவில்லை. கொஞ்சம் சிரமப்பட்டோம், இல்லை என்று சொல்ல மாட்டேன். மறுவருடம் அவர் மகள் தன் ஸ்கூல் டீச்சரான எஸ்தர் டீச்சரின் வீட்டுக்குப் போய், அலமாரியையும் பார்த்துவிட்டு வந்து, எனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். அந்தக் காரியஸ்தரே சைக்கிளில் வந்து, ‘டீச்சர் வூட்டுல கீற மாதிரியே’ என்று சொல்லிவிட்டுப் போனார். அளவு கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். அதன் பிறகு ஓய்வு பெறுகிற வரை, எந்தத் தெருவாக இருந்தாலும், நான் போய் உட்காராத அறைக்கு மரத்தை அறுத்ததில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது.

ஜெபம் முடிந்தது. போதகர் ஐயா காபி குடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மாஸ்டரும் இரண்டு வாத்தியார்களும் வந்திருந்தார்கள். வருவார்களா மாட்டார்களா என்று டீச்சர் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொருவராகப் படுக்கிற அறைக்குள் போய் அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். ஹெட்மாஸ்டர் இரண்டு கதவையும் சாத்தி, நடுக்கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார். “அடடா, யார் வேலைங்க இது?” என்றார்.

நான் துண்டைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, ஒரு அடி முன்னால் வைத்தேன். மாணிக்கம் எனக்கு முன்னால் பேசிவிட்டார்.

“மரம் ஆசாரியாரு, சார். சொவரு நானு.”

சொல்லிவிட்டு அலமாரியை விட்டுவிட்டுச் சுவரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். புதுவேட்டி கட்டியிருந்தார். இருபது வருடம் அடுத்தவர் சுவருக்கு மண் சுமந்தவர், தான் கட்டினது என்று ஒரு சுவரைப் பற்றி வாய் திறந்து சொன்னதை அவர் வீட்டார்கூட அதற்கு முன்னால் கேட்டதில்லை. “மேலயும் கீளயும் ஒரே அளவாம் சார். ஆசாரியாரே கோலு வச்சிப் பாத்துட்டுச் சொன்னாரு” என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமாங்க” என்றேன். “நான் அளவு தப்பாப் பண்ணிட்டு வந்தேன். சட்டத்த ரெண்டு நாளா அறுத்துத்தான் சேர்த்தேன். சொவத்தத் தொடல. தொட வேண்டிய அவசியமே இல்ல. அது மேஸ்திரி கட்டின சொவருங்க.”

மேஸ்திரி என்றதும் மாணிக்கம் யாரைச் சொல்கிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.